முத்துப்பழனி விவகாரம்: 1910இல் வந்த பதிப்பும் 1911இல் வந்த போலீஸும்

ராதிகா சாந்த்வனம் என்ற தெலுங்குக் காவியம் 1887இல் முதன்முறையாக அச்சேறியது. 1907இல் மறுபடியும் வந்தது. இரண்டு தடவையும் யாரும் போலீஸைத் தேடிப் போகவில்லை. 1910இல் இன்னொரு பதிப்பு வெளியானது. அடுத்த வருடமே சென்னை போலீஸ் கமிஷனர் பிரதிகளையெல்லாம் பறிமுதல் செய்தார். தடை நீங்கச் சுமார் 35 வருடம் ஆயிற்று. முதல் இரண்டு பதிப்புகளுக்கும் வராத வினை மூன்றாவதற்கு மட்டும் ஏன் வந்தது?

ஆபாசம், அதனால் தடை என்று இதை ஒரு வரியில் முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அது போதுமானதாகப் படவில்லை. மூன்று பதிப்புகளிலும் எது இருந்தது, எது இல்லை என்று பார்த்தால் கதை வேறு திசையில் போகிறது.

எழுதியவர்

முத்துப்பழனி 18ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூரில் வாழ்ந்தவர். பிரதாபசிம்மன் (1739–1763) அரசவையைச் சேர்ந்த கணிகை. ஆள்கிறவர்கள் மராட்டியர்கள், ஊர் பேசுவது தமிழ், அரசவைக் காவியங்கள் தெலுங்கில். இன்றைக்கு விசித்திரமாகத் தெரியலாம், அன்றைய தஞ்சாவூருக்கு இது அன்றாடம். நாயக்கர் ஆட்சி 1673இல் முடிந்த பிறகும் அவர்கள் வளர்த்த தெலுங்கு அரண்மனையை விட்டுப் போகவில்லை. அந்த மண்ணில் பெண்கள் எழுதுவதும் புதிதல்ல. ரகுநாத நாயக்கர் காலத்தில் ராமபத்ராம்பாவும் மதுரவாணியும் சம்ஸ்கிருதத்தில் எழுதினார்கள். மதுரவாணி செய்தது மொழிபெயர்ப்பு: அரசர் தெலுங்கில் எழுதிய ராமாயணத்தைச் சம்ஸ்கிருதத்துக்குக் கொண்டுபோனார். விஜயராகவ நாயக்கர் அவையில் ரங்காஜம்மா தெலுங்கில் நாடகமும் காவியமும் எழுதினார். முத்துப்பழனி அந்த வரிசையில் பிந்தி வந்தவர்.

பெயரிலேயே பழனி இருக்கிறது. பாட்டி தஞ்சநாயகி, அவரும் கணிகை, கலையிலும் புலமையிலும் பேர்பெற்றவர். இந்த விவரங்கள் நமக்குக் கிடைப்பது ஒரே இடத்திலிருந்து, காவியத்துக்கு முத்துப்பழனியே எழுதிய பீடிகையிலிருந்து. காவியம் தொடங்கும் முன் கவி தன் குலத்தையும் குருவையும் சொல்லிக்கொள்ளும் பகுதி அது. ஆண் கவிகள் அந்த இடத்தில் தகப்பன், பாட்டன், கோத்திரம் என்று அடுக்குவார்கள். இவர் பாட்டியைப் பாடுகிறார். தன் குடும்பத்துப் பெண்களின் புலமை வழியாகத் தன்னிடம் வந்து சேருகிறார். அப்புறம் தன்னைப் பற்றி, கூச்சமே இல்லாமல்: அறிஞர்களுக்குப் பொன்னும் பொருளும் கொடுத்துக் கௌரவித்தவள் என்னைப்போல் வேறு எவள் இருக்கிறாள்? காவியங்கள் எவளுக்குச் சமர்ப்பிக்கப்பட்டிருக்கின்றன? ஒவ்வொரு கலையிலும் இப்படிப் பேர் வாங்கியவள் யார்? இந்தத் தொனியில் போகிறது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. புலவர்கள் தங்கள் நூலை இவருக்குச் சமர்ப்பித்திருக்கிறார்கள். பரிசில் வாங்குகிறவராக மட்டும் இல்லாமல், கொடுக்கிறவராகவும் இவர் இருந்திருக்கிறார்.

மொழிபெயர்ப்பாளராகவும் இவரைப் பார்க்க வேண்டும். ஜெயதேவரின் அஷ்டபதியைத் தெலுங்காக்கினார். ஆண்டாளின் திருப்பாவையைத் தெலுங்கில் தந்தார். ஏழடிகொண்ட சப்தபதம் என்ற வடிவத்திலும் எழுதிப் பார்த்தார். இவை காவியத்துக்கு வெளியே நிற்கிற உதிரி வேலைகள் என்று நான் நினைக்கவில்லை. ஜெயதேவரிடம் ஊடலில் இருக்கும் ராதையின் பாதத்தைத் தன் தலைமேல் வைக்கச் சொல்லிக் கண்ணனே கெஞ்சுகிறான். ஆண்டாளிடம் ஒரு பெண் தன் ஆசையைத் தன் வாயாலேயே சொல்கிறாள். ராதிகா சாந்த்வனத்தைப் படிக்கிறவருக்கு இந்த இரண்டு பள்ளிக்கூடமும் தெரியும்.

காவியத்தில் என்ன இருக்கிறது

நான்கு பகுதிகள், 584 பாடல்கள். வியாசரின் மகன் சுகர் ஜனகருக்குச் சொல்வதுபோல் அமைப்பு. ராதை தான் வளர்த்த இளாதேவியைக் கண்ணனுக்குக் கட்டிக்கொடுக்கிறாள். கண்ணன் தன்னுடையவன் என்று தெரிந்தே கட்டிக்கொடுக்கிறாள். அவர்கள் இருவரும் ஒட்டிக்கொண்ட பிறகு பொறாமையில் வேகிறாள், கிளியைத் தூதனுப்புகிறாள், கோபித்துக்கொள்கிறாள். கடைசியில் கண்ணன் வந்து அவளைச் சமாதானப்படுத்துகிறான். நூலின் பெயரே அந்தச் சமாதானம்தான்.

கதை பழசு. சொல்கிற பக்கம் புதுசு. ஓரிடத்தில் ராதை கண்ணனுக்குப் புதுமணப் பெண்ணிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறாள்: மென்மையாக இரு, கடித்துப் பயமுறுத்தாதே, நகம் பதிக்காதே. சிருங்கார நூல்களில் பற்குறியும் நகக்குறியும் வீரச் சின்னங்கள்போல் எண்ணி வைக்கப்படும். இங்கே ஒருத்தி, அதுவும் அந்த ஆணைத் தனக்கென வைத்திருந்தவள், அதையெல்லாம் வேண்டாம் என்கிறாள். அந்த அறிவுரைக்குள் அவளுடைய வயிற்றெரிச்சலும் கேட்கிறது, அனுபவமும் கேட்கிறது. இன்னோரிடத்தில் கண்ணன் ராதையைப் பற்றி முறையிடுகிறான்: முத்தம் வேண்டாம் என்றாலும் விடமாட்டாள், கன்னத்தைத் தடவி அவளே இழுத்துக்கொள்வாள், இப்படிப்பட்டவளை விட்டு நான் எப்படி இருப்பேன்? முறையீடு மாதிரி தொடங்கிப் புகழ்ச்சியாக முடிகிறது. முதல் அடி எடுத்து வைக்கிறவள் பெண். சண்டை பிடிக்கிறவளும் அவள், சமாதானத்துக்கு ஒத்துக்கொள்வதா இல்லையா என்று முடிவு செய்கிறவளும் அவள்.

இதை ஆபாசம் என்று ஒருவர் சொன்னால் நாச்சியார் திருமொழியை என்ன செய்வது? 'கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ, திருப்பவளச் செவ்வாய்தான் தித்தித்திருக்குமோ' என்று மாதவன் வாயின் சுவையைச் சங்கிடம் விசாரித்தவளை நாம் கோயிலில் வைத்துக் கும்பிடுகிறோம். தெலுங்கிலேயே, கிருஷ்ணதேவராயர் அவையில் இருந்த நந்தி திம்மனாவின் பாரிஜாதாபகரணத்தில் சத்தியபாமை தன் காலில் விழுந்த கண்ணன் தலையை இடக்காலால் உதைக்கிறாள். அது ரசிகர்கள் கொண்டாடும் பாட்டு.

அச்சில் நடந்த வெட்டு

தெலுங்கு அகராதி தொகுத்த ஆங்கிலேயர் சி.பி. பிரவுனோடு வேலை செய்த வெங்கடநரசு என்பவர்தான் 1887 பதிப்பைக் கொண்டுவந்தார். அச்சுக்குக் கொண்டுவந்ததற்கு நன்றி சொல்ல வேண்டியதுதான். ஆனால் அந்தப் பதிப்பில் மூன்று வகைச் சரக்கு காணாமல் போயிருந்தது: வெளிப்படையான சிருங்காரப் பாடல்கள் சில, நூலின் முடிவுப் பாடல்கள், அப்புறம் பீடிகை.

சிருங்காரப் பாடல்களை நீக்கியதற்கு அந்தக் காலத்துக் கூச்சத்தைக் காரணம் காட்டலாம். பீடிகையில் என்ன கூச்சம்? அதில் படுக்கையறை இல்லை. பாட்டி இருக்கிறாள், குரு இருக்கிறார், கவியின் தன்மானம் இருக்கிறது. திருப்பாவையின் கடைசிப் பாசுரத்தில் 'பட்டர்பிரான் கோதை சொன்ன' என்று ஆண்டாள் தன் பெயரைத் தகப்பன் பெயரோடு பொறித்துவைத்திருக்கிறாள். அந்த முப்பதாவது பாட்டை எடுத்துவிட்டு ஒரு பதிப்பாளர் திருப்பாவை போட்டால் சும்மா இருப்போமா? முத்துப்பழனிக்கு நடந்தது அதுதான். 1907 மறுபதிப்பும் அதே குறையோடு வந்தது.

கந்துகூரி வீரேசலிங்கம் நடுவில் வருகிறார். ராஜமுந்திரிக்காரர், 1881இல் விதவை மறுமணம் நடத்திக்காட்டியவர், தெலுங்கு நாட்டின் பெரிய சீர்திருத்தவாதி. ஆந்திரக் கவிகளின் வரலாற்றை எழுதியவரும் அவர்தான். அதில் முத்துப்பழனியின் புலமையை அவர் மறுக்கவில்லை. ஆனால் நூலின் பல இடங்கள் ஒரு பெண் காதில் விழவே தகாதவை, அவள் வாயிலிருந்து வருவது இன்னும் மோசம் என்றார். கணிகையர் குலத்தில் பிறந்தவளிடம் பெண்ணுக்குரிய நாணம் எப்படி இருக்கும் என்ற பொருளிலும் எழுதினார். விமர்சனம் பாட்டை விட்டுவிட்டுப் பிறப்புக்குத் தாவிவிட்டது. 1890களில் சென்னை மாகாணத்தில் நாட்டியக் கச்சேரிகளுக்கு எதிரான இயக்கம் சூடுபிடித்திருந்தது. 1893இல் வைஸ்ராய்க்கும் கவர்னருக்கும் மனு போயிற்று. அந்தக் காற்றில் ஒரு கணிகை எழுதிய காதல் காவியத்தை நிதானமாகப் படிக்கிற பொறுமை யாருக்கு இருந்திருக்கும்? விதவைகளுக்காக ஊரையே எதிர்த்து நின்ற மனிதருக்கு ஒரு கணிகையை எழுத்தாளராகப் பார்க்க முடியவில்லை. இதை அவருடைய தனிக் குறையாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. குடும்பப் பெண்ணுக்கு மரியாதை தேடிய அந்த இயக்கம், குடும்பத்துக்கு வெளியே நின்றவளை எதிர்ப்பக்கத்தில் வைத்தே பழகியிருந்தது.

நாகரத்தினம்மாள் கையில்

பெங்களூர் நாகரத்தினம்மாளை நமக்குத் திருவையாற்றிலிருந்து தெரியும். 1878இல் நஞ்சன்கூட்டில் பிறந்தவர், தேவதாசி குலம், சென்னையில் கொடிகட்டிப் பறந்த பாடகி. தியாகராஜர் சமாதி கவனிப்பார் இல்லாமல் கிடந்ததைக் கேள்விப்பட்டுத் தன் சொத்தைப் போட்டுக் கோயில் எழுப்பி, கும்பாபிஷேகம் நடத்தியவர். பெண்களுக்கு ஆராதனையில் பாட இடமில்லாத காலத்தில் பெண்களைத் திரட்டித் தனியாகப் பாடவைத்தவர். இதெல்லாம் பின்னால் நடந்தது. அதற்கு முன்பே அவர் இந்தக் காவியத்தில் கைவைத்துவிட்டார்.

திருப்பதி வேங்கட கவிகள் என்ற தெலுங்கு இரட்டைப் புலவர்களின் நூல் ஒன்றில் முத்துப்பழனியைப் பற்றிய பாராட்டைப் படித்தார். யார் இந்தப் பெண் என்று தேடினார். கிடைத்த அச்சுப் பிரதி குறைப் பிரதி. சுவடியைத் தேடிப்பிடித்து, அச்சோடு ஒப்பிட்டு, விட்டுப்போன பாடல்களையும் பீடிகையையும் திரும்பச் சேர்த்தார். கச்சேரிக்கு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த ஒரு பாடகி செய்த பதிப்பு வேலை இது. உ.வே.சாமிநாதையர் சுவடியோடு பட்ட பாட்டைத் தமிழில் எல்லோரும் சொல்கிறோம். நாகரத்தினம்மாளைப் பதிப்பாசிரியர் என்று சொல்லிக் கேட்பது அபூர்வம். சென்னையில் தெலுங்குக்கும் சம்ஸ்கிருதத்துக்கும் பேர்போன வாவிள்ள ராமஸ்வாமி சாஸ்த்ருலு அண்ட் சன்ஸ் 1910இல் நூலை வெளியிட்டது.

முன்னுரையில் அவர் ஒளித்து மறைத்து எதுவும் எழுதவில்லை. எத்தனை தடவை படித்தாலும் திரும்பப் படிக்கத் தோன்றுகிற நூல் இது, ஒரு பெண் எழுதியது, அதிலும் எங்கள் குலத்தில் பிறந்தவள் எழுதியது, ஆகவே இதைச் சரியான வடிவில் கொண்டுவருவது என் வேலை என்று சொன்னார். வீரேசலிங்கத்துக்குப் பெயர் சொல்லியே பதில் கொடுத்தார். நாணமும் கூச்சமும் பெண்களுக்கு மட்டும்தானா, ஆண்களுக்குக் கிடையாதா? கணிகை எழுதினால் குற்றமாவது, பெரிய மனிதர்கள் எழுதினால் எப்படிச் சரியாகிறது? அப்புறம் கையும் களவுமாகப் பிடித்தார்: வைஜயந்தீ விலாசத்தைப் பார்த்து ஒப்புதல் கொடுத்தவர் வீரேசலிங்கமே அல்லவா, அதில் இல்லாத எது இதில் இருக்கிறது? வைஜயந்தீ விலாசத்தின் கதை நமக்குத் தெரிந்ததுதான். திருவரங்கத்து விப்ரநாராயணர், அதாவது தொண்டரடிப்பொடியாழ்வார், தேவதேவி என்ற கணிகையின் மோகத்தில் விழுந்த கதை. கணிகை கதாபாத்திரமாக வரலாம், மயக்குகிறவளாக வரலாம். பேனா பிடித்தால்தான் பிரச்சினை.

பறிமுதல்

சசிலேகா என்ற தெலுங்கு இதழ் முதலில் பாய்ந்தது. ஒரு வேசி எழுதியதை இன்னொரு வேசி பதிப்பித்திருக்கிறாள் என்பது அதன் விமர்சனத்தின் சாரம். நூலைப் படித்தவர் போட்ட சண்டை மாதிரி இது தெரியவில்லை. அட்டையைப் பார்த்தாலே இந்த அளவுக்கு எழுதிவிடலாம்.

புகார் அரசிடம் போனது. அரசின் மொழிபெயர்ப்பாளர் ஆட்சேபத்துக்குரியவை என்று கருதிய பாடல்களைப் பொறுக்கி ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுத்தார். தெலுங்குக் காவியம் தெரியாத அதிகாரி மேஜைக்கு 584 பாடல்களில் சில மட்டும், கதை இல்லாமல், சந்தம் இல்லாமல், சந்தர்ப்பம் இல்லாமல் போய்ச் சேர்ந்தன. எந்த மரபுக் காவியத்தை இப்படிப் பிரித்து வைத்தாலும் மாட்டிக்கொள்ளும், காளிதாசரின் குமாரசம்பவம் உட்பட. ஆண்டாளையும் ஜெயதேவரையும் மொழிபெயர்த்தவரின் நூல், அரசாங்க மொழிபெயர்ப்பு ஒன்றால் குற்றவாளிக் கூண்டில் ஏறியது.

1911இல் போலீஸ் கமிஷனர் கன்னிங்ஹாம் பிரதிகளைக் கைப்பற்றினார். பதிப்பாளர் மேல் நடவடிக்கை பாய்ந்தது. பண்டிதர்கள் சேர்ந்து அரசிடம் மனுக் கொடுத்தார்கள், இவை மரபிலக்கியங்கள், இவற்றைத் தெருவில் விற்கிற ஆபாசப் புத்தகங்களோடு சேர்க்காதீர்கள் என்று. அரசு அசையவில்லை. இங்கே ஒரு வேடிக்கை. ஆபாச நூல் விற்பதைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 292ஆம் பிரிவு, கோயிலிலும் சுவாமி ஊர்வலத் தேரிலும் செதுக்கிய உருவங்களுக்கு விலக்குக் கொடுத்திருந்தது. கோயிலில் ஆடிய குலத்துப் பெண் கண்ணனைப் பற்றி எழுதிய பாட்டுக்கு அந்தச் சலுகை எட்டவில்லை.

எது காரணம்?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். 1907க்கும் 1910க்கும் இடையில் மாறியவை பல. விட்டுப்போன சிருங்காரப் பாடல்கள் திரும்பின. பீடிகை திரும்பியது. பதிப்பாசிரியர் ஒரு தேவதாசி. முன்னுரை ஒரு பெரிய மனிதரை நேருக்கு நேர் கேள்வி கேட்டது. எல்லாம் ஒரே நேரத்தில் மாறியதால் இன்னதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. சட்டம் தன் குற்றப்பத்திரிகையில் பாடல்களைத்தான் காட்டும், பீடிகையைக் காட்டாது.

ஆனால் சண்டையைத் தொடங்கியவர்கள் என்ன சொன்னார்கள் என்று பார்க்கலாம் அல்லவா? வீரேசலிங்கம் குலத்தைச் சொன்னார். இதழ் இரண்டு பேருடைய குலத்தையும் சொன்னது. பாடல்கள் மட்டும்தான் உறுத்தின என்றால், வைஜயந்தீ விலாசத்துக்கு ஒப்புதல் கொடுத்த கைக்கு இது ஏன் உறுத்த வேண்டும்? இதற்கு ஒரு மறுப்பும் உண்டு. தஞ்சாவூர், மதுரைத் தெலுங்கு இலக்கியம் முழுவதையுமே பின்னாளைய விமர்சகர்கள் க்ஷீண யுகம், தேய்ந்துபோன காலம், என்று ஒதுக்கினார்கள். அதில் ஆண் கவிகளும் அடிபட்டார்கள். அது உண்மை. ஆனால் அந்த ஆண்களை யாரும் பிறப்பைச் சொல்லித் திட்டவில்லை, அவர்களுடைய பாட்டன் பெயரையும் யாரும் வெட்டவில்லை.

என் கணிப்பு இது: குறைப் பிரதி நிம்மதியாக உலவியதற்குக் காரணம் அதில் பேசுகிறவள் யார் என்பது மங்கலாக இருந்ததுதான். நாகரத்தினம்மாள் ஆளை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார், தானும் பக்கத்தில் நின்றார்.

பிறகு

1946–47இல் தங்குதூரி பிரகாசம் சென்னை மாகாண முதல்வராக இருந்தபோது தடை நீங்கியது. தெலுங்குத் தாயின் ஆரத்தில் உதிர்ந்த முத்துகளைத் திரும்பக் கோக்கிறோம் என்கிற தோரணையில் அவர் பேசினார். அதே 1947இன் கடைசியில் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. முத்துலட்சுமி ரெட்டி 1927இலிருந்தே அதற்காகப் போராடியவர். நாகரத்தினம்மாள் அதை எதிர்த்துத் தேவதாசிகள் சங்கத்தின் தலைவராக நின்றவர். சட்டம் தேவைதான். அந்த முறைக்குள் சிக்கிச் சீரழிந்த பெண்களின் கதையை மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் போன்றவர்கள் உள்ளிருந்தே எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் குலத்துப் பெண்களிடம் சொத்துரிமையும் கல்வியும் எழுத்தும் இருந்ததையும் சேர்த்துச் சொல்லாத வரலாறு பாதி வரலாறுதான். முத்துப்பழனியின் பீடிகை அந்த மறுபாதிக்குச் சாட்சி.

வாவிள்ள நிறுவனம் 1952இல் நூலை மறுபடி வெளியிட்டது. அந்த வருடம் மே மாதம் நாகரத்தினம்மாள் திருவையாற்றில் காலமானார். தஞ்சாவூர் மண்ணில் தெலுங்கில் எழுதிய இரண்டு பேருக்காக அவர் உழைத்தார். தியாகராஜருக்குச் செய்ததற்காக அவருக்குச் சமாதியும் சிலையும் ஆண்டுதோறும் மரியாதையும் கிடைத்தன. முத்துப்பழனிக்குச் செய்தது இலக்கிய வரலாற்றில் பல காலம் ஓர் அடிக்குறிப்பு அளவுக்குக்கூட வரவில்லை. 1991இல் சூசி தாருவும் கே. லலிதாவும் இந்தியப் பெண்களின் எழுத்தைத் தொகுத்தபோது தங்கள் நீண்ட முன்னுரையை இந்த விவகாரத்திலிருந்துதான் தொடங்கினார்கள். பெண்ணிய ஆய்வாளர்கள் நடுவே முத்துப்பழனி பெயர் பரவியது அதன் பிறகுதான். 2011இல் காவியம் முழுவதும் ஆங்கிலத்தில் வந்தது.

இன்றைக்கு முத்துப்பழனி என்றால் தடை செய்யப்பட்ட காமக் கவிதை என்றே முதலில் அறிமுகமாகிறார். தடைக்காரர்கள் பொறுக்கிய அதே பாடல்களைத்தான் ரசிகர்களும் மேற்கோள் காட்டுகிறார்கள், இந்த முறை பாராட்டாக. திருப்பாவையைத் தெலுங்கில் சொன்னவர், ஜெயதேவரைக் கொண்டுவந்தவர், புலவர்களுக்குப் பொன் கொடுத்தவர் என்கிற பக்கம் இப்போதும் பின்னால்தான் நிற்கிறது. ராதிகா சாந்த்வனத்தைக் கையில் எடுக்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பீடிகை இருக்கிறதா என்பதைத்தான்.